மூடுபனி திரளும் விதமும் காப்பித் தோட்டத்துச் சருகும்

சேர்வராயன் மலைமேல் காப்பி பயிரிடுவோருக்கு மூடுபனி புதியதன்று. கரடியூர்ப் பக்கத்துத் தோட்டங்களில், காலை வெகுநேரம் வரையில் பத்தடிக்கு எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரமும் கண்ணுக்குப் புலப்படாத நாட்கள் வருஷத்தில் பல உண்டு. ஆயினும் அப்பனி எங்கிருந்து வருகிறது, எதைப் பற்றிக்கொண்டு திரள்கிறது என்று ஆராய்ந்து பார்த்தோர் சிலரே. இது வெறும் பள்ளிக்கூடப் பாடமாக இருப்பின் இப்பத்திரிகையில் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை. மாசி, பங்குனி மாதங்களில் பூமழையை எதிர்நோக்கியிருக்கும்போது, சருகைக் கூட்டித் தீ வைத்தால் புகை மேலே சென்று மேகத்தை இறக்கும் என்று சொல்லி, தோட்டத்துச் சருகை மூலைமூலையாகக் குவித்து எரிப்போர் உண்டு. புகைக்கும் மேகத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது மெய்யே. ஆனால் அச்சம்பந்தம் அவர்கள் எண்ணுகிற வகையில் இல்லை. எவ்வகையில் இருக்கிறதென்று அறிய, நீராவி நீர்த்துளியாக மாறும் விதத்தை அடியிலிருந்து தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

பனி இறங்குகிறது என்று சொல்லுவது வழக்கம். மலைமேல் பெரும்பாலான நாட்களில் அது இறங்குவதில்லை, கீழிருந்து ஏறுகிறது. சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 அடியில் இருக்கிறது. ஏற்காடோ 5,000 அடிக்குச் சமீபம். சமவெளியின் காற்று மலைச்சரிவில் மோதி மேலேறும்போது, அதன்மேல் அழுத்தும் காற்றின் பாரம் குறைகிறது. பாரம் குறையவே அது விரிகிறது, விரியவே குளிர்கிறது. 100 மீட்டர், அதாவது ஏறக்குறைய 330 அடி ஏறினால் 1 டிகிரி சென்டிகிரேட் குளிரும் என்பது கணக்கு. குளிர்ந்த காற்று தாங்கக்கூடிய நீராவி குறைவு. 30 டிகிரி உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் இடம் சுமார் 30 கிராம் நீராவியைக் கொள்ளும். 20 டிகிரியில் 17 கிராம்தான் கொள்ளும். இனிமேல் கொள்ளாது என்னும் நிலைக்குப் பூரித நிலை என்று பெயர். சேலத்தில் 30 டிகிரி உஷ்ணமும், காற்றில் நூற்றுக்கு 60 பங்கு ஈரப்பதமும் உள்ள ஒரு நாளை எடுத்துக்கொண்டால், அங்கிருந்து ஏறும் காற்று சுமார் 3,500 அடி ஏறியதும் பூரித நிலையை அடைந்துவிடும். 900 அடியோடு இதைக் கூட்டினால் 4,400 அடி ஆகிறது. ஆகவே சேலத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு மலையுச்சியில் தங்கிய மேகமாகத் தோன்றுவது எதுவோ, அதுவே மலைமேல் இருப்பவருக்கு மூடுபனி. மார்கழி, தை மாதத்து இரவுகளில் நிலம் குளிர்ந்து, பள்ளங்களில் தேங்கும் பனி வேறு வகை. ஆனால் திவலை உண்டாகும் விதம் இரண்டுக்கும் ஒன்றே.

பூரித நிலை வந்துவிட்டால் நீராவி உடனே நீராகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. இவ்விடத்தில்தான் இயற்கை ஒரு தடையை வைத்திருக்கிறது.

நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. கொதிக்கும் கெண்டியின் மூக்கருகே ஒரு விரற்கடை தூரம் ஒன்றும் தெரியாது. அதற்கப்பால்தான் வெண்மை தொடங்குகிறது. அந்த வெண்மை, ஆவி குளிர்ந்து உண்டான நுண்திவலைகளின் கூட்டம். ஆவியாக இருக்கையில் நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று சாராமல் மிகுந்த வேகத்துடன் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு மூலக்கூறின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு. ஓடும் மூலக்கூறுகள் இரண்டு எதிர்ப்பட்டால் கணநேரம் ஒட்டும். மூன்றாவது வந்து சேரும். நான்காவது சேருமுன் முதலாவது கழன்று போகும். இவ்வாறு சேர்ந்த சிறு கூட்டத்தைக் கொத்து என்று சொல்லுவோம். காற்றில் எந்நேரமும் கணக்கற்ற கொத்துகள் உண்டாகின்றன, உண்டானவை அழிகின்றன.

அவை ஏன் நிலைப்பதில்லை? தேர்த்திருவிழாவில் கைகோத்து நிற்கும் சிறுவர் கூட்டத்தை நினைத்துக்கொண்டால் விளங்கும். நடுவில் நிற்பவனை நாற்புறமும் கைகள் பிடித்திருக்கும். ஓரத்தில் நிற்பவனுக்கு ஒரு பக்கத்துப் பிடிதான் உண்டு. ஜனநெரிசல் அவனை எளிதில் இழுத்துப் போய்விடும். நான்கைந்து பேர் மட்டுமே சேர்ந்த கூட்டத்தில் எல்லாரும் ஓரத்தில் நிற்பவர்களே. மூலக்கூறுகளின் கொத்தும் அவ்விதமே. கொத்து சிறிதாயிருக்குமளவும் சேருவதைக் காட்டிலும் கழலுவதே மிகுதி. தற்செயலாக ஒரு குறிப்பிட்ட பருமனைத் தாண்டிவிட்டாலோ, உள்ளே நிற்கும் மூலக்கூறுகள் பெருகி, கழலுவதைக் காட்டிலும் சேருவது மிகுதியாகும். பிறகு அது தானே வளரும். மலைப்பாதையில் கணவாயை எட்டும் வரையில் ஏற்றம், எட்டியபின் இறக்கம் என்பது போன்றது இது. அக்கணவாய்க்கு ஒப்பான பருமனைத் தாண்டிய கொத்துக்கே கரு என்னும் பெயர் பொருந்தும்.

1871-ம் ஆண்டில் கெல்வின் பிரபு இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். பிற்காலத்து வழக்கில் அதைச் சொல்லுவதானால், மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்காகிய நானோமீட்டர் என்னும் அளவை வேண்டும். 1 நானோமீட்டர் ஆரமுள்ள சுத்த நீர்த்திவலையில் ஏறக்குறைய 140 மூலக்கூறுகள் இருக்கும். அது கரையாமல் நிற்க வேண்டுமானால், சுற்றியுள்ள காற்றில் பூரித அளவைப்போல் மூன்று மடங்கு நீராவி இருக்கவேண்டும். 10 நானோமீட்டர் ஆரமுள்ளதற்கு நூற்றுக்கு 11 பங்கு அதிகம் இருந்தால் போதும். 100 நானோமீட்டருக்கு நூற்றுக்கு ஒன்று மிகுந்தாலே போதும். நமது மேகங்களில் இந்த மிகுதி நூற்றுக்கு ஒன்றைத் தாண்டுவது அரிது. மூன்று மடங்கு என்பது ஒருகாலும் இல்லை. எனவே நீராவி தனியே தன்னைத்தானே கூட்டிக்கொண்டு மேகமாவதென்பது பூமியில் நடவாத காரியம். அதற்கு வித்து வேண்டும்.

இதைச் சமையல் அறையிலேயே காணலாம். பால் எத்தனை மணி நேரம் இருந்தாலும் உறைமோர் இட்ட பாலைப்போல் தோய்வதில்லை என்று ஒரு நண்பர் உவமை சொன்னார். அது உயிருள்ள கிருமியின் வேலையாகையால் அவ்வளவு பொருந்தாது. கற்கண்டு பொருந்தும். கற்கண்டு காய்ச்சுவோர் சர்க்கரைப் பாகில் நூலைக் கட்டித் தொங்கவிடுவது எதற்காக? பாகில் சர்க்கரை அளவுக்கு மீறி இருந்தும், பற்றிக்கொள்ள இடமில்லாதவரையில் திரளத் தயங்குகிறது. நூலைக் கண்டதும் அதன்மேல் படிந்து வளர்கிறது. காற்றில் அந்த நூலின் வேலையைச் செய்பவை தூசு, புகை, உப்புப்பொடி ஆகிய நுண்துகள்கள். இவற்றுள் உப்பு விசேஷமானது. மழைக்காலத்தில் உப்புச்சாடி கசிவதை யாவரும் அறிவர். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 ஆனவுடனே சமையலுப்பு நீராவியை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. கடலலையிலிருந்து தெறித்து உலர்ந்த உப்புத்துகளும் அவ்வாறே பூரித நிலைக்கு முன்னமேயே நனைந்து, திவலைக்கு முதல் பருமனைக் கொடுத்துவிடுகிறது. கெல்வின் பிரபு காட்டிய ஏற்றத்தை உப்பு எவ்வளவு தாழ்த்துகிறது என்று ஸ்வீடன் தேசத்துக் கோலர் என்பவர் 1936-ல் கணக்கிட்டுக் காட்டினார்.

வித்தின் அவசியத்தைச் சோதனையால் முதலில் காட்டியவர் பிரான்ஸ் தேசத்துக் கூலியே, ஆண்டு 1875. ஸ்காட்லாந்து தேசத்து ஜான் எய்ட்கன் 1880-ல் தாமாகவே அதைக் கண்டறிந்து, பின்னர் காற்றிலுள்ள துகள்களை எண்ணுவதற்கு ஒரு கருவியும் செய்தார். அதே தேசத்தவரான சி. டி. ஆர். வில்சன் 1894-ல் பென் நெவிஸ் மலையுச்சியின் வானிலைக் கூடத்தில் சில வாரம் தங்கி, மேகத்தின்மேல் வெயில் விழும் கோலங்களைக் கண்டு, அவற்றைக் கண்ணாடிக்கூண்டுக்குள் உண்டாக்கிப் பார்க்க விரும்பினார். தூசு முழுதும் நீக்கிய காற்றில் அவர் கண்டது யாதெனில், பூரித அளவைப்போல் சுமார் நான்கு மடங்கு ஆனபோது மின்னேற்றம் பெற்ற அணுக்களைப் பற்றித் திவலைகள் திரண்டன. சுமார் எட்டு மடங்கு ஆனபோது எதையும் பற்றாமல் தாமே அடர்ந்து திரண்டன என்பதே. மின்னேற்றத்தைப் பற்றித் திரளும் அத்திவலைக் கோடுகளைக் கொண்டு அணுவின் துகள்கள் செல்லும் வழியைக் கண்டதற்காக 1927-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மலைமேல் மேகம் பார்த்த கண்ணுக்கு இதைவிடப் பெரிய வெகுமதி வேண்டியதில்லை.

கூட்டங்களில் செய்து காட்டுவதற்கு எளிதான முறை ஒன்று உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியில் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு, மூடிக் குலுக்கவேண்டும். புட்டியைப் பலமாக அமுக்கிச் சட்டென்று விட்டால் உள்ளே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பின்பு ஓர் ஊதுபத்தியின் புகையைச் சிறிதளவு உள்ளே விட்டு மூடி, முன்போலவே அமுக்கி விட்டால், விட்ட கணத்தில் புட்டி முழுவதும் வெண்பனி நிறையும். மறுபடி அமுக்கினால் மறையும். நீராவி முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. விரிவால் வந்த குளிர்ச்சியும் ஒன்றே. புகை ஒன்றே புதிதாக வந்தது. கறுப்புத் துணியைப் புட்டிக்குப் பின்னே பிடித்தால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்.

காற்றிலுள்ள வித்துகள் எல்லாம் நிலத்திலிருந்து கிளம்பியவை என்று நெடுங்காலம் நினைத்திருந்தனர். காற்றிலேயே பிறக்கும் வித்துகளும் உண்டு; உலகத்து மேகவித்துகளில் ஏறக்குறைய பாதி அவ்வாறு பிறந்தவை என்று மதிப்பிடுகிறார்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கந்தகப் புகை எழுகிறது. வெயிலில் அது கந்தக அமில ஆவியாக மாறுகிறது. அவ்வமிலத்தின் மூலக்கூறுகள் நீரின் மூலக்கூறுகளோடு கொத்தாகச் சேர்கின்றன. ஆனால் அவையும் முன்சொன்ன விதமாகவே கழன்றுபோகும் இயல்புள்ளவை. கழலவொட்டாமல் அவற்றைப் பிணைப்பது எது? ஜெனீவா நகரருகே செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 26 கன மீட்டர் கொள்ளும் எஃகுக் கூண்டு ஒன்றில் 2009 முதல் இதைச் சோதித்து வருகின்றனர். அக்கூண்டின் பெயரே ஆங்கிலத்தில் மேகம் என்று பொருள்படும் கிளவுட் என்பது. அங்கு 2011-ல் வெளியிட்ட முடிவு நம்மவருக்குச் சுவையானது. காற்றில் லட்சம் கோடி பங்குக்கு நூறு பங்கு அம்மோனியா, அதாவது நம்முடைய எருக்குழியிலும் மாட்டுக்கொட்டிலிலும் மூக்கைத் துளைக்கும் அந்த ஆவி, சேர்ந்தாலே அமிலக் கொத்துகள் துகளாகும் வேகம் நூறு முதல் ஆயிரம் மடங்கு மிகுகிறது. யூரியாவைத் தரையின்மேல் வீசி மூடாமல் விடுபவர் பயிருக்கு நஷ்டம் செய்வதோடு, தாம் அறியாமலே ஆகாயத்தில் வித்து விதைப்போராகவும் இருக்கின்றனர்.

மரங்களும் இவ்வேலையைச் செய்கின்றன. ஏற்காட்டு ஆரஞ்சுத் தோலைக் கிள்ளும்போது பறக்கும் மணமும், தைலமரத் தழையின் மணமும், பைன் மரப்பிசினின் மணமும் ஒரு குலத்தைச் சேர்ந்த எண்ணெய் ஆவிகளாம். காற்றிலுள்ள ஓசோன் இவற்றைத் தாக்கியபின் பிறக்கும் பொருள்கள் எளிதில் ஆவியாகமாட்டாதவை. ஆகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கந்தக அமிலம் சிறிதும் இல்லாமலே பைன் ஆவி மட்டும் துகளாகும் என்பதை அதே கூண்டில் கண்டு 2016-ல் தெரிவித்தனர். இவ்வாறு பிறக்கும் துகள் ஒன்றரை நானோமீட்டர் அளவினது. மணிக்குச் சில நானோமீட்டர் வீதம் வளர்ந்து, ஒரு நாள் அளவில் 50 முதல் 100 நானோமீட்டரை எட்டினால் மேகத்துக்கு வித்தாகும் தகுதி பெறும்; அதற்குமுன் பெரிய துகள் ஒன்றில் மோதி ஒட்டிக்கொண்டால் அதன் வாழ்வு அவ்வளவே. காடு சூழ்ந்த மலைகளில் தூரத்துச் சிகரங்கள் நீலம் பூத்துத் தோன்றுவதற்கு, ஒளியலையினும் சிறிய இத்துகள்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வது ஒரு காரணம் என்று பிரிட்ஸ் வென்ட் என்னும் தாவர நூலார் 1960-ல் எடுத்துரைத்தார். நமது தேசத்தில் இமயமலையிலுள்ள முக்தேஸ்வரத்தில் இவ்வகைத் துகள் பிறப்பதை அளந்திருக்கின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏற்காட்டைவிடச் சற்றே தாழ்ந்த மகாபலேசுவரத்தில், மேகம் தரையைத் தொடும் இடத்திலேயே வித்துகளை எண்ணும் ஆராய்ச்சிக்கூடம் 2012-ல் ஏற்பட்டது.

இனிப் பூமழைக்கு வருவோம். வித்து இல்லாமல் மேகமில்லை என்றால், வித்தைப் பெருக்கினால் மழை பெருகுமல்லவா என்று கேட்கலாம். சருகு எரிப்போரின் எண்ணமும் அதுதான். ஆனால் மேகம் வேறு, மழை வேறு. மேகத்திவலை ஒன்றின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்கு. அது காற்றில் மிதக்கும், விழாது. ஒரு மழைத்துளிக்கு அத்தகைய திவலைகள் ஏறக்குறைய பத்து லட்சம் வேண்டும். பெரிய திவலை வேகமாக இறங்கி, வழியில் சிறியவற்றை வாரிக்கொண்டால்தான் அது சாத்தியம். திவலைகள் எல்லாம் ஒரே பருமனாகவும் மிகச் சிறியனவாகவும் இருந்தால், யாவும் ஒரே வேகத்தில் மிதந்து ஒன்றையொன்று தொடுவதில்லை. கடல்மீது சுத்தமான காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு வித்து நூறு அளவில் இருக்கும். நிலத்தின்மீது பல நூறு முதல் ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். உள்ள நீராவி ஒன்றே. பங்கிடுவோர் பத்து மடங்கானால் பங்கு சிறுக்கும். ஒரு படி அரிசியைப் பத்துப் பேருக்கு வடித்தால் வயிறு நிறையும்; நூறு பேருக்கு வடித்தால் ஒருவருக்கும் பசி ஆறாது.

இது ஊகமன்று. போர்னியோ தீவில் காட்டுத்தீயின் புகை சென்ற இடத்து மேகங்களையும் புகையற்ற இடத்து மேகங்களையும், மழையளக்கும் செயற்கைக்கோள் கொண்டு ரோசன்பெல்ட் என்பவர் ஒப்பிட்டு 1999-ல் வெளியிட்டார். புகையில்லாத மேகங்கள் மழை தந்தன. புகையுண்ட மேகங்களில் திவலைகள் சிறுத்து, மழை தடைப்பட்டது. ஒரு தோட்டத்துச் சருகு சேர்வராயன் மலையின் கோடை மழையை நிறுத்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நமது கோடை மேகங்கள் உறைநிலையைக் கடந்து வெகு உயரம் எழுபவை. அங்கே பனிக்கட்டியின் வழியாகவும் மழை பிறக்கிறது. போர்னியோவின் கணக்கை அப்படியே இங்கே வைப்பது தகாது. ஆனால் புகையிட்டு மழையை அழைக்கலாம் என்பதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை. நிலத்தின்மேலுள்ள காற்றில் வித்துக்குப் பஞ்சமில்லை என்பதே இதில் முடிந்த முடிபு.

அப்படியானால் செயற்கை மழை என்பது என்ன? மேகத்தின் உச்சியில் உறைநிலைக்குக் கீழும் உறையாமல் நிற்கும் திவலைகள் உண்டு. சுத்த நீர்த்திவலை சுழிக்குக் கீழே 38 டிகிரி வரையிலும் உறையாதிருக்கும். அவற்றுக்கும் வித்து வேண்டும். ஆனால் அது பனிக்கட்டியின் அமைப்பை ஒத்த வித்தாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் 1946-ல் ஷேபர் உறைந்த கரிவாயுவையும், வானிகட் வெள்ளி அயோடைடையும் இதற்குக் கண்டனர். தமிழ்நாட்டிலும் கடும் வறட்சியை முன்னிட்டு 1980-களிலும் 1993-94-லும் மேகத்தில் மருந்து தூவும் முயற்சிகள் நடந்தன. இவற்றின் பலனைக் குறித்து விஞ்ஞானிகளுக்குள் வழக்குத் தீரவில்லை. தூவுவதற்கு மேகம் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் வழக்கில்லை. அது ஆகாயவிமானத்துக்கும் அளவறிந்த மருந்துக்கும் உரிய வேலை. சருகுப் புகை பனிக்கட்டிக்கு வித்தாக ஒப்பற்கரியது.

மழைக்கு உதவாத சருகை எரித்ததனால் என்ன போகிறது என்று பார்க்கவேண்டும். எரியும்போது சருகிலுள்ள தழைச்சத்தும் கந்தகமும் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். மிஞ்சும் சாம்பலில் சாம்பற்சத்தும் சுண்ணாம்பும் உண்டு என்பது சரி. நமது சரிவுகளில் முதல் மழைக்கே அவை ஓடைக்கு இறங்கிவிடும். காப்பிச் செடி மொட்டோடு ஒரு அங்குல மழைக்குக் காத்திருக்கும் அந்த வறண்ட வாரங்களில்தான் தூரைச் சுற்றிச் சருகுப் போர்வை மிகவும் வேண்டும். மழை வந்து ஒன்பது பத்து நாளில் பூ விரியும்போது, வேரில் ஈரமுள்ள செடியும் இல்லாத செடியும் காய்பிடிப்பில் ஒன்றாக இரா. மேலும் அம்மாதங்களில் ஒரு பொறி பக்கத்துக் காட்டைப் பற்றினால் அணைக்க ஆள் போதாது. ஆகையால் சருகைத் தூரின்மேல் படாமல் ஒரு முழம் விலக்கிப் பரப்பவேண்டும். கவாத்துக் கழிவையும் மிகுந்த சருகையும் வரிசைகளுக்கிடையே சரிவுக்குக் குறுக்காக வெட்டிய குழிகளில் இட்டு, சாணம் தெளித்து, மண் மூடவேண்டும். மண் மூடினால் அம்மோனியாவும் குழியிலேயே தங்கும்.

மூடுபனியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். திவலை திரளக் காற்றில் தூசு வித்தாவதுபோல், இலையின் முகமும் ஒரு வித்தே. இலை குளிர்ந்தால் பனிநீர் நேராக அதன்மேல் படியும். தவழும் மேகத்திலுள்ள திவலைகளும் தழையில் வடிபட்டுச் சொட்டும். வெளியில் தரை உலர்ந்திருக்க, மரத்தடி மட்டும் நனைந்திருப்பது இதனால்தான். கோடையில் அது நன்மை. ஆனால் இலைமேல் நீர்ப்படலம் நெடுநேரம் நின்றால், 1869-ல் இலங்கையில் தோன்றி அந்நாட்டுக் காப்பிப் பயிரையே அழித்த இலைத்துரு நோயின் வித்தும் அதிலேதான் முளைக்கும். நீர்ப்படலம் இல்லாவிடில் அவ்வித்து முளைக்க மாட்டாது. எனவே தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே நிழல்மரங்களின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, 0.5 சதவீத போர்டோக் கலவையை இலையின் அடிப்புறத்தில் நன்கு படும்படி தெளிக்கவேண்டும். கிளை கழித்தபின் மூடுபனியுள்ள ஒரு நாள் தோட்டத்தைச் சுற்றிவந்து, வெயில் வந்த எத்தனை நேரத்தில் எந்தப் பகுதியில் இலை உலருகிறது என்று குறித்துக்கொள்ளுதல் நலம். பிந்தி உலரும் பகுதியில் மேலும் இரண்டொரு கிளைகளைக் கழிக்கலாம். மேற்குச் சரிவுகளில் மட்டும், பிற்பகல் வெயில் கடுமையாகையால், சற்றுக் குறைத்தே கழிக்கவேண்டும்.